குடை மடக்காத சட்டம்

மரியநாதன் வாத்தியாருக்குத் தன்மேல் மதிப்பு கொஞ்சம் கூடுதல். அதைப் பெரிய குற்றமாகச் சொல்வதற்கில்லை. ஜொகூரில், காஹாங் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் ஒரு கித்தாத் தோட்டம். காலையில் புகைக்கூடத்து வாடை, மத்தியானம் கொசு, சாயங்காலம் குழாயடிச் சண்டை. அப்படிப்பட்ட இடத்தில் வெளுத்த கோட்டும் பூட்ஸுமாக ஒருவர் நடமாடினால், தன்னைத் தானே மதித்துக்கொள்ளாமல் என்ன செய்வார்? லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலி ஜனங்களும் அவரை மதித்தார்கள்தான். ஆனால் அவர்கள் ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரசரையும் மதித்தார்கள், துரை வீட்டு நாயையும் மதித்தார்கள். அந்த மதிப்பை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எவ்வளவு தூரம் சந்தோஷப்பட முடியும்?

மூவாரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். இங்கிலீஷ் தெரியும். சிங்கப்பூரிலிருந்து வரும் பத்திரிகைகளை, ஒரு வாரம் பழையதானாலும், முதல் வரியிலிருந்து கடைசி விளம்பரம் வரை படிப்பார். தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்றால் தகரக் கூரை, ஒரே கூடம், அ ஆ படிக்கிற குஞ்சுகளிலிருந்து ஆறாவது படிக்கிற பெரிய பிள்ளைகள் வரை எல்லாரும் ஒரே இரைச்சலில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில் தான் ஏதோ பெரிய காரியம் செய்யப் பிறந்தவர் என்ற எண்ணம் அவருக்கு விடாமல் இருந்தது.

அந்த வருஷம் அவருக்குப் பிடித்த பித்து, படவிளக்கு.

பத்து பாகாட் மாதா கோயில் சாமியார் புதிதாக ஒன்று வரவழைத்துக்கொண்டபோது, பழையதை இவர் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் குழந்தையைப் போலக் கொண்டுவந்து சேர்த்தார். கறுத்த தகரப் பெட்டி. உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு, முன்னால் குழாய்க்குள் பூதக்கண்ணாடி. கண்ணாடிச் சில்லில் உள்ள படத்தைத் தலைகீழாகச் செருகினால், எதிரே ஈரமாக்கிக் கட்டிய வேட்டியில் அது நிமிர்ந்துகொண்டு ஆள் உயரத்துக்கு வந்து நிற்கும். முதல் நாள் அவசரத்தில் இவர் நேராகச் செருகிவிட்டார். மோசே முதல் ஆட்டுக்குட்டி வரை எல்லாரும் தலைகீழாகத் தொங்கியதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் அலறிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

பெட்டியோடு வந்த வேதப் படங்களில் பாதி விரிசல் விட்டவை. அவற்றைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கறுப்பு மையால் தன் கையாலேயே புதுப் படம் வரைய ஆரம்பித்தார். எல்லாம் ஐந்தாவது, ஆறாவது பிள்ளைகளுக்காக. பன்னிரண்டு, பதின்மூன்று வயசு அவர்களுக்கு. அடுத்த வருஷம் புல்வெட்டப் போய்விடுவார்கள். அதற்குள் அரசாங்கம் என்றால் என்னவென்று அவர்கள் மண்டையில் ஏற்றிவிட வேண்டும் என்று வாத்தியாருக்கு ஆசை. எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத ஆசை. பத்திரிகையில் யாரோ எழுதியிருந்தார்கள், இவருக்குப் பிடித்துக்கொண்டது.

மழைக்காலம் தொடங்கிய ஒரு மத்தியானம், சன்னல்களில் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கி, பாடத்தை நடத்தினார். முதல் படத்தில் ஒரு மேசையைச் சுற்றி ஆட்கள். மேலே ஜொகூர் சர்க்காரின் பிறையும் நட்சத்திரமும்.

“இவங்க சட்டம் போடுற சபை. நாட்டுக்கு எது தேவைன்னு பேசி, கை தூக்கி, சட்டமாக்குவாங்க,” என்றார். அடுத்த படத்தில் போலீஸ்காரரும் தபால்காரரும் நின்றார்கள். மையில் வரைந்ததால் இரண்டு பேருக்கும் ஒரே மீசை. “இவங்க அதை நடத்துறவங்க. தானா எதையும் போட முடியாது.”

மூன்றாவது, கோர்ட்டு. நீதிபதியை வரைய அவருக்கு வரவில்லை. அதனால் உயர்ந்த ஆசனத்தில் உட்கார்ந்திருந்த ஓர் ஆளின் வேதப் படத்தை அப்படியே செருகிவிட்டார்.

“வாத்தியாரய்யா, அது பிலாத்து!” என்று இருட்டிலிருந்து சூசையம்மாள் கத்தினாள். “ஆண்டவரைச் சிலுவையில அடிக்கச் சொன்னவரு!”

“நீ ஆளைப் பாக்காத. நாற்காலியைப் பாரு,” என்றார் வாத்தியார்.

பாடம் என்னவோ நன்றாகத்தான் போயிற்று. சட்டம் என்று ஒன்று முன்னாலேயே இருந்தால்தான் அதை மீறினதற்குத் தண்டனை கொடுக்கலாம், நினைத்த நேரத்தில் நினைத்ததைக் குற்றம் என்று சொல்லி யாரையும் தண்டிக்க முடியாது என்றெல்லாம் அழகாக விளக்கினார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

“சட்டம் போடுறது, நடத்துறது, நியாயம் பாக்குறது, மூணும் ஒரே ஆள் கையில இருந்தா என்ன ஆகும்?”

“நம்ம துரை ஆயிருவாரு,” என்றான் அர்ச்சுனன்.

கூடம் முழுக்கச் சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். சிரித்துவிட்டு ஒருதரம் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

படம் காட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். வாத்தியாருக்கு ஆசை அடங்கவில்லை. பெரிய பிள்ளைகளைப் பிரித்துச் சிலரைச் சபையாக்கினார், சிலரை அதிகாரிகளாக்கினார், சிலரைக் கோர்ட்டாக்கினார். வாரத்துக்கு ஒருதரம் முறை மாறும். எல்லாரும் எல்லாமாகவும் இருந்து பழக வேண்டும். முதல் சபை போட்ட முதல் சட்டம், சிலேட்டுப் பலகையில் எச்சில் தொட்டு அழிக்கக் கூடாது என்பது. அதை ஒருவரும் மதிக்கவில்லை. அர்ச்சுனன் கோர்ட்டில் உட்கார்ந்து அத்தனை பேருக்கும் தோப்புக்கரணம் தீர்ப்பளித்துவிட்டு, கடைசியில் தனக்கும் அதையே விதித்துக்கொண்டு போட்டான். தோட்டத்துப் பிள்ளைகள் அவ்வளவு உற்சாகமாகப் பள்ளிக்கூடம் வந்து அவர் பார்த்ததில்லை.

மறுவாரம் சபையில் பேச்சியம்மாள் இருந்தாள். பால்வெட்டுகிற வீரமுத்துவின் மகள். ஆறாவது படிக்கிறாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின இரட்டைச் சடை. கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டாள்; மெதுவாக எழுந்து, பாவாடையைச் சரிசெய்து, பிறகுதான் வாயைத் திறப்பாள். அன்றும் அப்படித்தான் எழுந்தாள்.

“வாத்தியாரய்யா, மழையில குடையை மடக்கச் சொல்லக் கூடாதுன்னு சட்டம் போடலாங்களா?”

அவள் எதைச் சொல்கிறாள் என்று அங்கே தெரியாதவர் இல்லை. தோட்டத்து ரோடான செம்மண் சடக்கில் துரையின் கார் வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்க வேண்டும். குடை பிடித்தவன் குடையை மடக்க வேண்டும். வெயிலானாலும் மழையானாலும் அதுதான் வழக்கம். எங்கேயும் எழுதி ஒட்டியதில்லை. தோட்டம் போட்ட நாளிலிருந்து எல்லாரும் மடக்கினார்கள், அதனால் எல்லாரும் மடக்கினார்கள். வாத்தியாருக்கும் விலக்குக் கிடையாது. ஆனால் அவர் அதற்கு ஒரு வித்தை வைத்திருந்தார். தூரத்தில் கார்ச்சத்தம் கேட்டதுமே ஏதோ அவசரம் வந்தவர்போல மரங்களுக்குள் ஒதுங்கிவிடுவார். கார் போனபிறகு குடையோடு வெளியே வருவார். பிள்ளைகள் முன்னால் குடை மடக்கும் அவமானம் அப்படித் தப்பிக்கொண்டே வந்தது.

“போன மழையில எங்கம்மா தம்பியைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க,” என்றாள் பேச்சி. “துரை காரை நிப்பாட்டிக் கங்காணிகிட்டப் பேசிக்கிட்டே இருந்தாரு. பேசி முடிக்கிற வரைக்கும் அம்மா குடையை மடக்கிக்கிட்டு நின்னாங்க. தம்பி நனைஞ்சு போச்சு. இன்னமும் நெஞ்சுச் சளி போகலைங்க.”

இது வேண்டாம் தாயி, வேறு யோசி என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாத்தியாருக்கு அது தோன்றாமலும் இல்லை. ஆனால் அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சபை என்பது இதற்குத்தானே! தான் சொல்லிக்கொடுத்தது ஒரு பிள்ளையின் தலைக்குள் போய் முளைத்து வெளியே வந்திருக்கிறது. “சபையில இருக்கிறவங்க கை தூக்குங்க,” என்றார். சபையில் இல்லாதவர்களும் தூக்கினார்கள்.

அன்று சாயங்காலமே அதைக் கண்ணாடிச் சில்லில் எழுதினார். அழகான கையெழுத்து அவருக்கு. முதல் படத்தின் தலையில் போட்டது போலவே இதன் தலையிலும் பிறையும் நட்சத்திரமும் வரைந்தார். வெறுமனே எழுதினால் மொட்டையாக இருக்கிறதே என்றுதான். “மழை பெய்கையில் யாரும் யாருக்காகவும் குடையை மடக்க வேண்டியதில்லை.”

சில நாளில் அடைமழை பிடித்துக்கொண்டது. பால்வெட்டு இல்லை, லயத்தில் எல்லாரும் சும்மா முடங்கிக் கிடந்தார்கள். பிள்ளைகள் போய்ச் சொல்லி, பெற்றவர்களையெல்லாம் படம் பார்க்க அழைத்து வந்துவிட்டார்கள். ஈர வேட்டியும் ஈரச் சேலையுமாகக் கூடம் நிரம்பி, கைக்குழந்தைகளோடு வாசல்வரை உட்கார்ந்தார்கள். வாத்தியார் அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால் அதுவரை பேசியதில்லை. நோவாவின் பேழையைக் காட்டினார்; அந்த மழையைப் பார்த்து எல்லாரும் தலையாட்டினார்கள். சபை, அதிகாரிகள், கோர்ட்டு எல்லாம் காட்டினார். பிறகு, யாரும் கேட்காமலே, அந்தச் சில்லையும் செருகினார்.

எழுத்து மட்டும் வெளிச்சமாக வந்து நின்றது. மேலே சர்க்கார் முத்திரை. படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கேட்டார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வாய்விட்டுப் படித்தார்கள். படிக்கப் படிக்கக் கூட்டத்தில் சலசலப்பு அடங்கியது.

வீரமுத்து எழுந்து நின்றார். நெடுநெடுவென்று உயரம், பேச்சு மட்டும் தாழ்ந்திருக்கும். “வாத்தியாரய்யா, இது நெசமாவே சட்டங்களா?”

அத்தனை முகமும் திரும்பின. விளக்கு வெளிச்சம் பின்னாலிருந்து அடித்ததில் வாத்தியாரின் நிழல் பெரிதாகச் சுவரில் விழுந்திருந்தது. “சட்டம் போட வேண்டியவங்க போட்டுட்டாங்க, வீரமுத்து. இனிமே சட்டந்தான்!” என்றார் சிரித்துக்கொண்டே.

பிள்ளைகளின் சபையைத்தான் சொன்னார். கேட்டவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் முகத்தைப் பார்த்த உடனேயே அவருக்குத் தெரிந்தும் விட்டது. வெள்ளையம்மா, பேச்சியின் தாய், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரோ கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள். திருத்த ஒரு வார்த்தை போதும். கைதட்டல் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். முடிந்தபிறகு, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். கைதட்டல் அவ்வளவு இனிப்பாக இருந்தது.

அந்த வாரம் போய் அடுத்த வாரம், வியாழக்கிழமை. காலையில் பள்ளிக்கூட மணி அடிக்கும் முன்பே பேச்சி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“வாத்தியாரய்யா, நேத்து எங்கப்பா துரைகிட்டயே சட்டத்தைச் சொல்லிட்டாரு!”

தம்பிக்குச் சளி கட்டிக்கொண்டு மூச்சு வாங்கியிருக்கிறது. மழையில் அப்பா, அம்மா, தம்பி மூன்று பேருமாகக் குடைக்குள் ஒண்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் துரையின் கார் வந்திருக்கிறது. வீரமுத்து மரியாதையாகச் சடக்கோரம் ஒதுங்கினார், தலையைக் குனிந்தார், குடையை மட்டும் மடக்கவில்லை. கார் நின்றது. “குடை?” என்று துரை கேட்டார். “சட்டம் வந்திருச்சுங்க துரை, இனிமே மடக்க வேணாம்,” என்று இவர் சொன்னார். துரைக்குத் தெரியாத நல்ல சேதியைச் சொல்கிற சந்தோஷத்தோடு சொன்னார். துரை ஒன்றும் பேசாமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

“ஒண்ணுமே சொல்லலைங்க!” என்றாள் பேச்சி. அவளுக்குக் கண் இரண்டும் பளபளத்தன.

ஒன்றும் சொல்லாத துரையைப் பற்றி வாத்தியாருக்குத் தெரியும். அவர் வாய் திறப்பதற்குள், ஆபீஸ் ஆள் வந்து வாசலில் நின்றான். “துரை கூப்பிடுறாங்க. ஒங்களையும் இந்தப் பொண்ணையும்.”

தூறல் நிற்கவில்லை. பேச்சியிடம் குடை இல்லாததால் தன் குடைக்குள்ளேயே அவளை அழைத்துக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் மனசுக்குள் இங்கிலீஷில் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தார். ஐயா, இது நான் நடத்திய பாடம், நான் சொன்னதை நம்பித்தான் அவர் நடந்துகொண்டார், தவறு முழுவதும் என்னுடையது. நல்ல வாக்கியம். இலக்கணம் சுத்தமாக இருந்தது. இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்து, தைரியம்கூட வந்ததுபோல இருந்தது. சொன்னால் என்ன ஆகும்? வாத்தியார் வேலையும் துரை போட்டதுதான்; போகும். போகட்டும். மூவாருக்குப் போய் வேறு பிழைப்புத் தேடிக்கொள்வது. குழந்தையா குட்டியா?

ஆபீஸ் வராந்தாவில் துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணி. படிக்குக் கீழே மழையில் வீரமுத்து.

துரையின் கண் இவர்கள் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான். வாத்தியார் யோசிக்கவே இல்லை. கை தானாக மேலே போய்க் குடையை மடக்கிவிட்டது. இருவர் தலையிலும் தூறல் விழுந்தது. ஒதுங்க அங்கே மரம் எதுவும் இல்லை. பேச்சி நிமிர்ந்து, மடங்கிய குடையைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். புரியாதவளைப் போலத்தான் பார்த்தாள், குற்றம் சொல்லவில்லை.

“எந்தக் கூலிச் சங்கத்துக்காரன் சொன்னான் உனக்கு?” என்று துரை வீரமுத்துவைக் கேட்டுக்கொண்டிருந்தார். துரைமார் தமிழ், எல்லாமே அதட்டல். “சிங்கப்பூர் ஆளா? குளுவாங் ஆளா?”

“சங்கமெல்லாம் இல்லீங்க துரை. பள்ளிக்கூடத்துல வெளக்கு வச்சுக் காட்டுனாங்க. சர்க்கார் முத்திரை போட்டிருந்துச்சுங்க.”

துரை திரும்பினார். “வாத்தியார். நீ சொன்னியா, இது சட்டம் என்று?”

இங்கிலீஷ் வாக்கியம் தொண்டைவரை வந்தது. பெரிய கிராணி பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். துரையின் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட்டன. அந்தத் தாளத்தில் வாக்கியம் எங்கேயோ போய்விட்டது.

“இல்லீங்க துரை,” என்றார் மரியநாதன், எல்லாருக்கும் புரியும் நல்ல தமிழில். “புள்ளைங்க விளையாட்டுக்கு என்னமோ எழுதுனாங்க. நான் சட்டம்னு சொல்லலைங்க. இவரு படிக்காதவரு, தப்பா எடுத்துக்கிட்டாரு.”

“வாத்தியாரய்யா...” என்றாள் பேச்சி. “நீங்கதானே அன்னைக்கு...”

“பேசாத தாயி,” என்றார் வீரமுத்து. மழையில் நனைந்த முகத்தோடு மகளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, துரையிடம் கும்பிட்டார். “வாத்தியாரய்யா சொல்றதுதான் சரிங்க துரை. அவரு அப்படிச் சொல்லலை. நான்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன்.”

வாத்தியார் அன்று சொன்னது வீரமுத்துவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அது அவர் குரலிலேயே தெரிந்தது. வாத்தியார் பயந்துவிட்டார் என்பதை ஒரே பார்வையில் கண்டுகொண்டு, பயந்த ஆளைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல், அந்த மனுஷன் பொய்யைத் தன் தோளில் எடுத்து வைத்துக்கொண்டார். வாத்தியாருக்குக் காது இரண்டும் நெருப்பாக எரிந்தன. இப்போதுகூட வாயைத் திறக்கலாம். இப்போதுகூட. பூட்ஸுக்குள் தண்ணீர் போயிருந்தது. அதையே கவனித்துக்கொண்டு நின்றார்.

“சனிக்கிழமை இவன் குடும்பம் எட்டாம் கட்டைக்கு,” என்றார் துரை. கிராணி குறித்துக்கொண்டார். குடை மடக்காதது குற்றம் என்று அந்த நிமிஷத்தில் ஆயிற்று, தீர்ப்பும் ஆயிற்று, நடத்தி வைக்க ஆளும் பென்சிலோடு பக்கத்தில் நின்றார். எட்டாம் கட்டை என்பது காட்டை அழித்துப் புதிதாகக் கன்று வைத்திருந்த இடம். போனவர்கள் காய்ச்சலோடுதான் திரும்பினார்கள். பள்ளிக்கூடம் கிடையாது.

“நல்லது, வாத்தியார்,” என்று எழுந்துகொண்டே துரை சொன்னார். “உன் பெட்டி நல்ல பெட்டி. இனிமேல் சாமி படம் மட்டும் காட்டு.”

“ஆகட்டும் துரை,” என்று வாத்தியார் சொன்னார். சொன்னபிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

திரும்பும் வழியில் வீரமுத்து பின்னாலேயே வந்து கூப்பிட்டார். இரண்டு வார்த்தை திட்டப்போகிறார், திட்டினால் தேவலை என்று வாத்தியார் நின்றார்.

“ஒங்களுக்குச் சங்கடம் குடுத்துட்டேன்யா,” என்றார் வீரமுத்து. “நீங்க சிரிச்சுக்கிட்டே சொன்னதை நான் நெசம்னு புடிச்சுக்கிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க.”

வாத்தியார் தலையை மட்டும் ஆட்டினார். என்ன சொல்வது? மன்னித்தேன் என்றா? அன்று முழுக்க அவர் குவார்ட்டர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். தலைவலி என்று சொல்லி அனுப்பினார். தலைவலி இல்லை, வெட்கம். அடுப்பு மூட்டக் குனிந்தால் வெட்கம், கண்ணாடியில் முகம் பார்த்தால் வெட்கம். போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று கோட்டை மாட்டினார், மாட்டின கோட்டோடு கட்டிலில் உட்கார்ந்தார், கடைசியில் கழற்றி ஆணியில் தொங்கவிட்டார்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் வந்தபோது கூடத்தில் சத்தமே இல்லை. பேச்சி வரமாட்டாள் என்று நினைத்திருந்தார். வந்திருந்தாள். அந்த வாரம் முறை மாறியிருந்தது. கோர்ட்டில் உட்கார வேண்டியது அவள். வழக்கம்போலப் பாவாடையைச் சரிசெய்துகொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். அதிகாரி முறை அர்ச்சுனனுக்கு. அவன் எழுந்தான், முகம் சிவந்திருந்தது.

“ஒரு வழக்கு இருக்குங்க. வாத்தியாரய்யா மேல.”

கணக்குப் புத்தகத்தை எடுங்கடா என்று அதட்டியிருக்கலாம். பிள்ளைகள் அடங்கியிருப்பார்கள். ஆனால் வாத்தியாருக்கு ஏனோ உள்ளுக்குள் ஒரு ஆறுதல் வந்தது. மேசையை விட்டு எழுந்து, குற்றவாளிகள் நிற்கும் மூலையில் போய் நின்றார். நிற்கப் போனது நாடகத்துக்காக அல்ல.

“மழையில துரைக்காகக் குடையை மடக்கினாரு,” என்றான் அர்ச்சுனன். “பேச்சி நனைஞ்சுச்சு. சட்டத்தை மீறிட்டாரு.”

பேச்சி அந்தச் சட்டத்தை ஒருதரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். “மடக்க வேண்டியதில்லைன்னுதான் சட்டம். மடக்குனா குத்தம்னு நாம போடலை. அதுக்குத் தண்டனை கிடையாது.”

“அப்போ பொய் சொன்னதுக்கு?” என்று அர்ச்சுனன் கத்தினான். “துரைகிட்டப் பொய் சொன்னாருல்ல? ஒங்கப்பாவை மாட்டி விட்டாருல்ல?”

பேச்சி வாத்தியாரைப் பார்த்தாள். அவர் அந்தக் கண்ணில் கோபத்தைத் தேடினார். ஒரு பொட்டு இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்திருப்பார். அதில் இருந்தது வேறு. சடக்கில் அடிபட்டுக் கிடக்கும் மாட்டைப் பிள்ளைகள் பார்ப்பார்களே, அப்படி.

“அதுக்கு நாம சட்டமே போடலையே,” என்றாள்.

“பேச்சி,” என்றார் வாத்தியார். “பரவாயில்லை தாயி. எனக்குத் தண்டனை குடு. முட்டி போடச் சொல்லு. இப்பவே போடுறேன்.”

“அது முடியாதுங்க,” என்றாள் அவள், மெதுவாக, அவருக்குப் புரியவைக்கிறவளைப் போல. “சட்டம் இல்லாம யாரையும் தண்டிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அர்ச்சுனன் உட்கார்ந்துவிட்டான். வாத்தியார் மூலையிலேயே நின்றார். வெளியே போங்கள் என்றோ உட்காருங்கள் என்றோ சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தோட்டத்தில் அத்தனை பேருக்கும் ஒரு கோர்ட்டு இருந்தால் அது அந்தப் பெஞ்சுதான் என்றும், அங்கே தனக்கு மன்னிப்பும் இல்லை, தண்டனையும் இல்லை என்றும் அவருக்குத் தோன்றியது. இதைவிடத் துரை கையால் அடி வாங்கியிருக்கலாம்.

மணி அடித்து எல்லாரும் போனபிறகு பேச்சி மட்டும் திரும்பி வந்தாள். கையில் சிலேட்டு.

“நாளைக்குக் காலையில லாரி வந்துருமாம்,” என்றாள். “எட்டாம் கட்டையில பள்ளிக்கூடம் இல்லைங்களாம். இது பள்ளிக்கூடத்துச் சிலேட்டு. இந்தாங்க.”

பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிறவர்களிடமிருந்து சாமானைத் திரும்ப வாங்கி அலமாரியில் வைப்பது வழக்கம். எத்தனையோ பிள்ளைகளிடம் வாங்கியிருக்கிறார். கை தானாக நீண்டது, வாங்கிக்கொண்டது. அவள் கும்பிட்டாள். சடை இரண்டும் முன்னால் விழ, தலையைக் குனிந்து நன்றாகவே கும்பிட்டாள். பிறகு பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கி ஓடினாள்.

இதை நீயே வைத்துக்கொள் தாயி, அங்கே போயும் எழுதிப் பழகு என்று சொல்லியிருக்கலாம் என்பது சிலேட்டை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தும்போதுதான் அவருக்கு உறைத்தது. மறுபடியும் எடுத்தார். அதில் இன்னும் அவள் எழுதின பெருக்கல் கணக்கு இருந்தது, சரியாகவே போட்டிருந்தாள். ஓடிப் போய்க் கொடுத்துவிட்டு வரலாம், லயம் அப்படியொன்றும் தூரமில்லை. வாசல்வரை வந்தார். ஆபீஸைத் தாண்டித்தான் லயத்துக்குப் போக வேண்டும். வராந்தாவில் துரை உட்கார்ந்திருந்தார்.

மரியநாதன் வாத்தியார் சிலேட்டைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, துரை எழுந்து போகட்டும் என்று காத்து நின்றார். துரை எழுந்து போகவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. சிலேட்டைக் கொண்டுபோய் அலமாரியில் மற்ற சிலேட்டுகளோடு வைத்துவிட்டு, கூடத்தைப் பூட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போனார்.